தமுக்கில் வராத புள்

செம்மலைக்கோட்டை ராஜா குமாரபூபதிக்கு மூன்று வருஷமாக ஒரே மானக்கேடு. வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்துச் சமஸ்தானத்தோடு கிட்டிப்புள் போட்டி நடக்கும். தோற்ற ராஜா, ஜெயித்த ராஜாவுக்குச் சபை நடுவே தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷமும் நம் ராஜாதான் மடித்தார். ஒரே வீச்சில் புலியைச் சாய்த்ததாகப் பேர் வாங்கிய கை, ஐயா அது! அது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இந்த வருஷம் விடுவதில்லை! அடிக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. பறந்து வரும் புள்ளைப் பிடிக்கத்தான் ஒருத்தன் வேண்டும். யாரை அனுப்பலாம்?" என்று கேட்டார் ராஜா.

"செந்தூரான்!" என்றது சபை, ஒரே குரலில்.

சொல்லாமல் என்ன செய்யும்? செந்தூரான் ஆடுவது அரண்மனை வாசலில். சாயங்காலம் ஆனால் தமுக்கடிக்கிற சடையாண்டி தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவான். "டும் டும்! செந்தூரான் பாய்ந்தான்! மண்ணில் புரண்டான்! புள்ளைப் பிடித்தான்!" கேட்டுக் கேட்டு ஊரே கிறங்கிக் கிடந்தது.

மங்கைபாகன் மட்டும் தொண்டையைச் செருமினான். சபையில் வேடிக்கைப் பேச்சுக்குப் பேர்போனவன். "கரட்டூர் மாடப்பன் ஒருத்தன் இருக்கிறானே, மகாராஜா."

"யாரு, போன மாசம் புள்ளை நழுவவிட்டானே, அவனா? தமுக்கிலேயே கேட்டேனே!"

"யாரோ வழிப்போக்கன் சொல்லி அது ஒன்றுதான் தமுக்கில் வந்தது. பிடித்ததெல்லாம் வரவில்லை. கரட்டூர் இரண்டு நாள் நடை. சடையாண்டிக்கோ முழங்கால் வலி."

சபை சிரித்தது. ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஓய் மங்கைபாகரே! இரண்டு பேரையும் ஆடவிட்டுப் பார்க்கலாம் என்றால் கரட்டூரில் காப்புக் கட்டியாயிற்று. திருவிழா முடியும்வரை ஒருத்தரும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. நாம் ஆள் பெயரெழுதி ஓலை அனுப்ப வேண்டியதோ நாளைக்கு! மாடப்பனைக் கண்ணில் காட்டாமலே அவன்தான் கெட்டிக்காரன் என்று அதற்குள் நிரூபியும். முடியாவிட்டால், செந்தூரானை அனுப்புவேன். தோற்றால் என் பக்கத்தில் வெற்றிலைத் தாம்பாளம் ஏந்தி நீரும் நிற்கணும்!"

தங்கை வீட்டுக்குக் கரட்டூர் போனபோது மாடப்பன் ஆட்டத்தைப் பார்த்தவன் அந்தச் சபையில் மங்கைபாகன் ஒருத்தன்தான். தான் பார்த்ததை ராஜாவுக்கு எப்படிக் காட்டுவது? யோசித்துக்கொண்டே கோயில் பக்கம் நடந்தான். போகிற வழியில் சடையாண்டியையும் கூட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் தமுக்கு ஊரை அதிரவைத்தது. "டும் டும்! எதிரே வந்தது யானை! ஓடவில்லை மங்கைபாகர்! ஒற்றைக் கையை நீட்டினார்! நின்றது யானை, அப்படியே நின்றது!"

ராஜா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "அடேயப்பா! நீரா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே, ஐயா!" தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவி மங்கைபாகனுக்குப் போர்த்தினார். "அந்தக் கையில் அப்படி என்னய்யா இருக்கிறது?"

"வாழைப்பழம், மகாராஜா."

"என்னது?"

"நம் கோயில் யானைதான். குளித்துவிட்டு வந்தது. பழத்தை நீட்டினேன், நின்றது. சடையாண்டி ஒரு பொய்யும் சொல்லவில்லை. பழத்தை மட்டும் விட்டுவிட்டான்."

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார். "சரி, இதற்கும் மாடப்பனுக்கும் என்ன சம்பந்தம்?"

"செந்தூரான் பாய்கிறான், புரள்கிறான், எல்லாம் நிஜம். ஆனால் புள் பாதி தூரம் வந்த பிறகுதான் அவன் கிளம்புகிறான். அதனால்தான் பாய வேண்டியிருக்கிறது. பாதி நாள் எட்டாமலும் போகிறது. மாடப்பன் அப்படியில்லை. எதிராளி கிட்டியை ஓங்கும்போதே தோளைப் பார்த்து நகர்ந்துவிடுவான். புள் வரும்போது அவன் அங்கே சும்மா நிற்பான், கைக்குள் வந்து விழும். வேட்டியில் ஒரு பொட்டு மண் ஒட்டாது. அதைப் போய்த் தமுக்கில் என்னவென்று அடிப்பது? 'டும் டும், நின்றான்' என்றா?"

ராஜா தான் போர்த்திய சால்வையை ஒருமுறை பார்த்தார். "எழுதுங்கள் மாடப்பன் பெயரை!" என்றார்.

திருவிழா முடிந்து, காப்பு அவிழ்த்த மூன்றாம் நாள் போட்டி. மாடப்பன் நின்றான், பிடித்தான். மறுபடி நின்றான், மறுபடி பிடித்தான். கூட்டம் கொட்டாவி விட்டது. எதிராளி அடித்த ஒரு புள்கூடத் தரையில் விழவில்லை. பக்கத்து ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு வெற்றிலை மடித்தார். காம்பைக்கூடக் கிள்ளத் தெரியவில்லை அவருக்கு, பாவம். செந்தூரானே ஓடிவந்து மாடப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

வெற்றிக் களிப்பில் சபையைக் கூட்டினார் ராஜா. "இனிமேல் நம் ராஜ்யத்தில் தமுக்கு எதையும் மறைக்கக் கூடாது. பழத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாளை முதல் இதுதான் சட்டம்!"

மங்கைபாகன் பவ்யமாக எழுந்தான். "உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். நாளைக்குத்தான் தாங்கள் புலியைச் சாய்த்த நாள். வருஷா வருஷம் சடையாண்டி தமுக்கடித்துச் சொல்வானே... அந்தப் புலிக்கு எத்தனை வயசு, எத்தனை பல் மிச்சமிருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லட்டுமா?"

ராஜா மீசையை ஒருமுறை தடவினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சட்டம் நாளை மறுநாள் முதல்!" என்றார்.

சொல்லிவிட்டு, தாம்பாளத்தை இழுத்துத் தன் கையாலேயே ஒரு வெற்றிலை மடித்து மங்கைபாகனிடம் நீட்டினார். மூன்று வருஷப் பழக்கமில்லையா, மடிப்பு கச்சிதமாக இருந்தது.