உட்காரவா, எந்திரிக்கவா

“இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்மா,” என்றான் இருளப்பன்.

உலகம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, இடது பாதத்தை வலது முழங்கால் மேல் போட்டுக்கொண்டு, அதில் ஏறியிருந்த கருவேல முள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி புருசன் மாசானத்துக்கிட்ட குடுத்துடுறேன். அவனுக்கு ஆசையும் இருக்கு.”

“உட்காருங்க.”

“உட்கார முடியலைம்மா.”

அது உண்மைதான். வந்ததிலிருந்து அவன் தூணுக்குத் தூண் நடந்துகொண்டிருந்தான். நின்றால் கால் மாற்றி நின்றான். தலைப்பாகையை அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான்.

இருளப்பன் ஒரு கீதாரி. ஆடு மேய்க்கிற சில குடும்பங்கள், அவர்களுடைய ஆடுகள், நாய்கள், கழுதை மேல் ஏற்றிய சட்டிபானைகள், எல்லாவற்றையும் ஊர் ஊராக நடத்திக்கொண்டு போகிற தலைவன். எந்த வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவது, எப்போது கிளம்புவது, எந்த வழியில் போவது, அத்தனையும் அவன் வாயிலிருந்து வர வேண்டும். பழைய கீதாரி இறந்தபோது அந்தத் தலைப்பாகையை அவன் தலையில் கட்டினார்கள்.

அப்போது அவன் வேறு ஆள். எடுத்ததற்கெல்லாம் கத்துவான். அவன் குரல் கேட்டால் நாய்கள் கழுதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

அப்படிக் கத்திக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் உலகம்மையைப் பார்த்தான். ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் அவள் இருந்தாள். மனசு குழம்பிய ஆட்கள் அவளைத் தேடி வந்துபோனார்கள். வயதில் அவனுக்குத் தங்கை போல இருப்பாள்.

“யாரைத் திட்டுறீங்க?” என்று கேட்டாள்.

“நாயை.”

“நாய் போயி ரொம்ப நேரமாச்சே.”

அவ்வளவுதான் சொன்னாள். அவன் திரும்பிப் பார்த்தான். நாய் இல்லை. அன்றிலிருந்து அவளை ‘அம்மா’ என்று கூப்பிடத் தொடங்கினான். அந்தப் பக்கம் ஆடு ஓட்டி வரும்போதெல்லாம் மண்டபத்துக்கு வந்துவிடுவான்.

வந்ததில் அவன் மாறினான். அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

தனக்குள் எது புதிதாக விளங்கினாலும் அதை அப்படியே கிடையில் கொண்டுபோய்ச் சட்டமாக்கினான். இனி யாரும் சத்தம் போடக் கூடாது என்றான். சீழ்க்கை அடிக்கக்கூட ஆள்கள் பயந்தார்கள். ஆடுகள் யாருடைய மிளகாய்த் தோட்டத்திலோ நுழைந்து மேய்ந்துவிட்டு வந்தன.

பிறகு, எல்லோரும் சேர்ந்து பேசித்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும் என்றான். பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆடுகளை அடைப்பதா வேண்டாமா என்று பேசி முடிப்பதற்குள் ஆடுகள் தாமாகவே ஒரு புளியமரத்தடியில் படுத்துக்கொண்டன.

அப்புறம் கொஞ்ச காலம் பேச்சையே விட்டுவிட்டான். மனசு தெளியட்டும் என்று நினைத்தான். கிடையில் இருந்த ஒவ்வொருத்தரும் அவன் தன் மேல்தான் கோபமாக இருக்கிறான் என்று நினைத்தார்கள்.

அவன் தங்கை பேச்சி ஒரு நாள் கஞ்சியை ஊற்றிவிட்டு முகத்துக்கு நேரே சொன்னாள்.

“அண்ணே, நீ கத்துன காலத்துல பயமா இருந்துச்சு. இப்ப உன்னைப் பாத்தா கிறுகிறுன்னு வருது.”

அந்தச் சொல் அவனைத் தூங்க விடவில்லை. அதைத்தான் இப்போது மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

“நேத்துச் சொன்னது இன்னைக்கு எனக்கே தப்பாத் தெரியுது,” என்றான். “இன்னைக்குச் சொல்றது நாளைக்கு எப்படித் தெரியுமோ. பழைய ஆளாவும் இல்லை. புது ஆளாவும் ஆகலை. இப்படி நடுவுல நிக்கிறவன் பின்னாடி எப்படிம்மா நாலு பேரு நடப்பாங்க?”

உலகம்மை பாதத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

“எனக்குக் கண்ணுக்கு எட்டலை. நீங்க எடுங்க.”

அவன் குனிந்தான். முள்ளின் நுனி தெரிந்தது. நகத்தால் பிடித்தான். விட்டான்.

“வலிக்குமே.”

“வலிக்கும். இழுங்க.”

அவன் மெதுவாக இழுத்தான். பிறகு பிடியைத் தளர்த்தினான். பிறகு இன்னும் மெதுவாக இழுத்தான்.

முள் பாதியில் முறிந்தது.

அவன் முகம் சிறுத்துப்போனது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். பாதத்தில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

“இன்னைக்கு என்ன நடக்குது உங்க கிடையில?” என்று கேட்டாள்.

அப்போதுதான் அவன் சொன்னான். இக்கரையில் மேய்ச்சல் தீர்ந்துவிட்டது. அக்கரையில் அறுவடை முடிந்த வயல்கள் கிடக்கின்றன. கிடை போட வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள். ஆற்றில் இறங்கிக் கடந்தால் உடனே போய்ச் சேரலாம். ஆனால் மேற்கே மழை. தண்ணீர் கலங்கலாக வருகிறது. கடக்க வேண்டாம் என்றால் பழைய பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அது நெடுவழி. பொட்டல். வழியில் குட்டிகள் தாங்காது.

“மாசானம் ஆத்துல இறங்குவோம்கிறான். பேச்சி சுத்திப் போவோம்கிறா. புருசனும் பொண்டாட்டியும் விடிஞ்சதுலேர்ந்து சண்டை. நீங்க சொல்லுங்கம்மா. இறங்கவா, சுத்தவா?”

“எனக்கு ஆடு தெரியாது.”

“எனக்கு என்னையே தெரியலையேம்மா! மாறிக்கிட்டு இருக்கேன். மாறி முடிக்கிற வரைக்கும் யாராவது பாத்துக்கிடட்டும்.”

“எப்ப முடியும்?”

அவன் தலைப்பாகையை மறுபடியும் அவிழ்த்தான்.

உலகம்மை எழுந்தாள். தூணைப் பிடித்து ஒரு காலைத் தாங்கி நின்றாள்.

“வாங்க, ஆத்தைப் பாப்போம்.”

ஆற்றங்கரையில் எல்லோரும் இருந்தார்கள். கழுதைகள் மேல் மூட்டைகள் ஏறியிருந்தன. பாதி மூட்டைகள் கீழே கிடந்தன. ஏற்றியவர்கள் மாசானத்தின் பக்கம், நெடுவழிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு கிளம்பலாம் என்று ஏற்றாதவர்கள் பேச்சியின் பக்கம். ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. குட்டிகள் விடாமல் கத்தின. ஆற்று நடுவில் ஒரு கறுத்த பாறை இருந்தது. அதன் முதுகில் நுரை வந்து மோதிக்கொண்டிருந்தது.

இருளப்பனைக் கண்டதும் சத்தம் அடங்கியது.

“மச்சான், இப்ப இறங்கினா கடந்துடலாம்,” என்றான் மாசானம். “இன்னும் நேரம் போனா ஆகாது. தண்ணி இடுப்புக்கு மேல போகாது. நான் இறங்கிப் பாத்துட்டு வந்தேன்.”

“நீ இறங்கிப் பாத்தப்ப இருந்த தண்ணியா இது?” என்றாள் பேச்சி. “பாறையைப் பாரு.”

எல்லோரும் இருளப்பனைப் பார்த்தார்கள்.

அவன் தொண்டையைச் செருமினான்.

“முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்,” என்று ஆரம்பித்தான். “ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுவேன். அது சரியில்லைன்னு இப்ப விளங்குது. இந்த ஆத்தைப் பாக்கும்போது எனக்குள்ள ஒரு பயம் வருது. இந்தப் பயம் ஆத்துனால வருதா, என் மனசுலேர்ந்து வருதா, அதைத்தான் யோசிக்கிறேன். அவசரத்துல முடிவு எடுக்கிற பழைய ஆளு மறுபடியும் எந்திரிச்சுடக் கூடாது பாருங்க...”

யாரோ ஒருவர் மூட்டையை இறக்கினார். வேறொருவர் ஏற்றினார்.

அவன் பேசிக்கொண்டே போனான். தன் கோபத்தைப் பற்றிச் சொன்னான். தான் காத்துவந்த மௌனத்தைப் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே தெளிவாகிக்கொண்டு வருவது போல இருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் ராக்கு தரையில் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதக்காரி. ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் ஊன்றியிருந்தாள். மாசானம் பேசியபோது எழுந்தாள். பேச்சி பேசியபோது உட்கார்ந்தாள். இருளப்பன் பேச ஆரம்பித்ததும் எழுந்தாள், பேச்சு நீண்டதும் உட்கார்ந்தாள். இப்போது மறுபடியும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பாதி எழுந்து, கை ஊன்றி, அப்படியே நின்றுவிட்டாள்.

“மாமா,” என்றாள்.

அவன் பேச்சை நிறுத்தினான்.

“நான் உட்காரவா, எந்திரிக்கவா?”

அதில் கோபம் இல்லை. கேலி இல்லை. அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. அவளுக்கு அது மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது.

இருளப்பன் உலகம்மையைத் திரும்பிப் பார்த்தான்.

“அந்தப் பொண்ணு உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே,” என்றாள் உலகம்மை.

அவன் நின்றான். ஆற்றைப் பார்த்தான். இந்த முறை ஆற்றை மட்டும் பார்த்தான். பாறையின் முதுகைக் காணவில்லை. தண்ணீரில் சருகும் சுள்ளியும் மிதந்து போயின. வேரோடு ஒரு செடி போனது.

“எந்திரிம்மா,” என்றான். “பேச்சி, அவளைக் கழுதை மேல ஏத்து. சுத்திப் போறோம்.”

“மச்சான்...”

“பாறை முங்கிடுச்சு மாப்பிள்ளை. ஆடு நீந்தும், குட்டி நீந்தாது, ராக்கு நீந்த மாட்டா. அதனால சுத்திப் போறோம்.” குரல் உயரவில்லை. ஆனால் கூட்டத்தின் கடைசி வரை கேட்டது. “வழியில தீவனம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது. குட்டிகள் சிலது சாகலாம். ஊருணியில தண்ணி இல்லைன்னா வழியை மாத்துவேன். மாத்தினா ஏன்னு சொல்லிட்டு மாத்துவேன். தப்பாப் போச்சுன்னா இருளப்பன் சொன்னான்னு சொல்லுங்க.”

மாசானம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எச்சிலைத் துப்பிவிட்டு, கீழே கிடந்த மூட்டை ஒன்றைத் தூக்கிக் கழுதை மேல் போட்டான்.

“நாயைக் கூப்பிடுங்கப்பா!” என்று கத்தினான்.

யாரோ நீளமாகச் சீழ்க்கை அடித்தார்கள். ஆடுகள் நகர்ந்தன.

இருளப்பன் முன்னால் நடந்தான். கோலை இறுகப் பிடித்துக்கொண்டான். பழைய ஆளா புது ஆளா என்று யோசிக்க நேரம் இல்லை. முன்னால் வழி இருந்தது.

பொட்டல் கொடுமையாக இருந்தது. ஊருணியில் தண்ணீர் இருந்தது, ஆனால் சேறாக. குட்டிகள் செத்தன. ஒவ்வொன்றையும் புதைத்துவிட்டுத்தான் நடந்தார்கள். ஒரு குட்டியை மாசானம் தோளில் தூக்கிக்கொண்டு வெகுதூரம் வந்தான். இறக்கியபோது அது உயிரோடு இல்லை.

பாலத்தை நெருங்கும்போது ராக்குவுக்கு வலி எடுத்தது. வேலிகாத்தான் மர நிழலில் சேலையை மறைப்பாகக் கட்டினார்கள். பெண் பிறந்தது.

பாலத்தின் மேல் ஏறி நின்று இருளப்பன் கீழே பார்த்தான்.

ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. மணல் திட்டுகள் வெளியே தெரிந்தன. பாறையை முக்கியதற்கு மேல் வெள்ளம் ஏறவே இல்லை. மேற்கே பெய்த மழை அங்கேயே நின்றுவிட்டது. ஒரு நாள் கரையிலேயே பொறுத்திருந்தால் ஆடுகள் குளம்பு மட்டும் நனையக் கடந்திருக்கும்.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள்.

அக்கரை வயலில் கிடை போட்ட மறுநாள் காலையில் அவன் புறப்பட்டான். ஆற்றில் இறங்கி நடந்தான். தண்ணீர் கணுக்காலைத் தொடவில்லை. நடு ஆற்றில் கறுத்த பாறை காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டும்போது அவனுக்கு அழுகை வந்தது.

உலகம்மை மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னது தப்பும்மா,” என்றான், படி ஏறும்போதே. “பாறையை முக்கினதோட சரி, அதுக்கு மேல தண்ணி வரவே இல்லை. குட்டிகளைக் கொன்னுட்டேன். பொறுத்திருந்திருக்கணும். எனக்கு அந்த யோசனையே வரலை.”

அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“இதைத்தான் சொன்னேன். பாலத்து மேல நின்னு சொன்னேன். நான் போட்ட கணக்கு தப்பு, குட்டிகள் போனதுக்கு நான்தான் பொறுப்புன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“பேச்சி அழுதா. மாசானம்...” அவன் நிறுத்தினான். “மாசானம் என்னை ரொம்ப நேரம் முறைச்சுக்கிட்டு நின்னான். பொறவு, ‘சரி மச்சான், இங்கேர்ந்து எந்தப் பக்கம்?’னு கேட்டான்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். கீழ்க்கரை வயல்லேர்ந்து ஆரம்பிப்போம், அங்கே நிழல் இருக்கு, பிள்ளை பெத்தவளுக்கு ஆகும்னு.”

“போனாங்களா?”

“போனாங்க. நேத்து அங்கேதான் கிடை. இன்னைக்கு மேல வயலுக்கு மாத்தணும். வயக்காரர் உச்சிக்குள்ள வரச்சொல்லியிருக்காரு. ஆடெல்லாம் அடைப்புலதான் நிக்குது, நான் போயித்தான்...”

உலகம்மை துடைப்பத்தைத் தூணில் சாத்தினாள்.

“பின்னே இங்கே என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க?” என்றாள்.