அழுது கேட்டாலும்

இந்தக் கதையில் நியாயம் ஜெயிக்காது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

வெண்ணிநாடு என்ற சிறிய நாட்டில் ஒரு நாணயச் சாலை இருந்தது. அங்கே அடிக்கும் வெள்ளிக்காசில் ஒரு குன்றிமணி செம்புகூடக் கலக்காது. ஆற்றுக்கு அக்கரை நாட்டு அரிசி வியாபாரிகள், யார் காசைக் கொடுத்தாலும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறவர்கள், வெண்ணிக் காசை மட்டும் பேசாமல் எண்ணிப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். புதிதாகப் பட்டம் சூட்டிக்கொள்ளும் அரசன் கிரீடத்தோடு நேரே நாணயச் சாலைக்குப் போகவேண்டும். காசு அடிக்கும் அச்சைத் தன் கையால் சாலைத் தலைவரிடம் கொடுத்து, ஊரார் முன்னிலையில் இப்படிச் சொல்லவேண்டும்: "காசில் செம்பு கலக்கச் சொல்லி நானே கேட்டாலும் கலக்காதே. அடித்துக் கேட்டாலும் கலக்காதே. அழுது கேட்டாலும் கலக்காதே." யாரோ ஒரு பழைய அரசன், தன் புத்தியைத் தானே நம்பாமல் ஏற்படுத்திவிட்டுப் போனது இது. பின்னால் வந்தவர்கள் சடங்காகச் சொல்லிவிட்டு விருந்துக்குப் போனார்கள்.

அரசன் சேந்தனும் சொன்னான். அச்சை வாங்கிக்கொண்டவர் சாலைத் தலைவர் திருமேனிப் பத்தர். அதே பட்டாபிஷேகத்துக்காக அரண்மனை நடுக்கூடத்தில் வெள்ளி ஊஞ்சல் செய்து மாட்டியவரும் அவர்தான். சங்கிலி, பலகை, கொக்கி எல்லாமே சுத்த வெள்ளி. "லட்சம் காசு அடிக்கலாம் இந்த வெள்ளியில, ஒருத்தர் உக்காந்து ஆடுறதுக்கு!" என்று மனைவி மங்களத்திடம் அப்போது அலுத்துக்கொண்டார்.

சேந்தன் பட்டத்துக்கு வந்த ஏழாம் வருஷம் மழை இல்லை. எட்டாம் வருஷமும் இல்லை. கஜானா காலி. அக்கரையிலிருந்து அரிசி வாங்கக் காசு போதவில்லை. அரசன் பத்தரைக் கூப்பிட்டனுப்பினான்.

"பாதிக்குப் பாதி செம்பு கலந்துவிடும். ஒரு காசு இரண்டாகும். யாருக்கு நஷ்டம்?"

"காசு ரெண்டாகும் மகாராஜா. அரிசி ரெண்டாகாது" என்று சொல்லிவிட்டுப் பத்தர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் அவரைச் சாலை வாசலில் கட்டிவைத்துப் பன்னிரண்டு பிரம்படி கொடுத்தார்கள். ஊர் வேடிக்கை பார்த்தது. பார்த்ததோடு விட்டதா? "எங்க புள்ளைங்க பட்டினி கெடக்குது, காசு அடிச்சுப் போடறதுக்கு ஒனக்கு என்னய்யா கேடு? தெறந்து விடுய்யா சாலைய!" என்று கத்தியது. பத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு அடி வாங்கினார். அச்சுப் பெட்டியின் சாவியைக் கொடுக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றும்.

மூன்றாம் நாள் அரசனே வந்தான், கிரீடம் இல்லாமல், வெறுங்காலோடு. பத்தர் முற்றத்தில் குப்புறப் படுத்திருந்தார். மங்களம் முதுகில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அரசன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "என் குடிகள் சாகிறார்கள் பத்தரே, நான் என்ன செய்வேன்?" அது பொய்யழுகை இல்லை, அந்தப் பழியை நான் அவன்மேல் போடமாட்டேன்.

மங்களம் குனிந்து புருஷன் காதில், "இது மூணாவது. ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள். பத்தர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரசனின் கண்ணைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

பழைய காசு நாலு கொடுத்தால் புதுக்காசு ஐந்து என்று பறை அறைந்தார்கள். ஊர் வரிசையில் நின்று மாற்றிக்கொண்டது. ஒரு மாதம் எல்லாரும் பத்தரை வாயார வாழ்த்தினார்கள். பிறகு அக்கரை வியாபாரி ஒருவன் சந்தேகப்பட்டு உரைகல்லை எடுத்தான். தேய்த்த இடம் சிவந்தது. காசுக்கு நாலு படி விற்ற அரிசி ஒரு படிக்கு வந்தது. மகள் கல்யாணத்துக்கென்று இருபது வருஷம் சேர்த்ததை மாற்றியவர்களுக்கு அது ஒரு மாதச் சோற்றுக்குக்கூடப் போதவில்லை. ஊர் புதுக்காசைக் கூடையில் அள்ளிவந்து பத்தர் வீட்டுக் கூரைமேல் வீசியது.

அரசன் பத்தரை நடுக்கூடத்துக்கு வரவழைத்தான். ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, ஊரார் கேட்க விசாரித்தான்.

"அழுது கேட்டாலும் கலக்காதே என்று உம்மிடம் சொன்னது யார்?"

"தாங்கள்தான் மகாராஜா."

"பிறகு ஏன் கலந்தீர்?"

பத்தருடைய வலது கையை வெட்டச் சொல்லித் தீர்ப்பாயிற்று. ஊர் கைதட்டியது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தன் வாக்கைத் தானே உடைத்துவிட்டு, உடைந்ததற்கு இன்னொருவர் கையை வெட்டிய அரசனா? அடிக்கு அசையாமல் அழுகைக்கு அசைந்த பத்தரா? அன்று திற என்று கத்தி, வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு, இன்று கைதட்டும் ஊரா? இவர்களில் யார் செய்தது பெரிய தவறு?

பதில்: பத்தர்தான். சொல்லும்போதே வாய் கசக்கிறது. அரசன் கேட்பான், ஊர் கத்தும் என்று தெரிந்துதானே அந்த வழக்கத்தையே ஏற்படுத்தினார்கள்? அவர்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்றால் அச்சைப் பூட்டிவைக்க ஒரு ஆள் எதற்கு? அன்று அவர் முடியாது என்றுகூடச் சொல்லியிருக்க வேண்டாம். "ஊஞ்சலைக் கழற்றி அனுப்புங்கள் மகாராஜா, லட்சம் சுத்தக் காசு அடித்துத் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அரிசியும் வந்திருக்கும், காசும் பிழைத்திருக்கும். அதன் எடை தெரிந்தவர் அவர்தான். அழுகிற அரசனிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தீர்ப்பைச் சொல்லி முடித்த சேந்தன் காலால் தரையை உந்தினான். ஊஞ்சல் ஒரு சத்தமும் இல்லாமல் ஆடியது. பத்தர் அதை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.