சீந்தில் கொடியில் காய்ந்த துணி

மரமும் செடியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதும் மக்கள் துணி உடுத்தினார்கள், துவைத்தார்கள். ஆனால் துவைத்ததைக் காயப்போட இடம் என்று ஒன்றும் கிடையாது. பாறைமேல் விரிப்பார்கள், புதர்மேல் போடுவார்கள், புல்தரையில் பரப்புவார்கள். வெயில் காலத்தில் அது போதும். மழைக்காலம் வந்தால்தான் பெரும்பாடு.

மலையடிவாரத்தில் சிலம்பாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் மருதையன் காட்டில் விறகு வெட்டுபவன். கல்யாணமாகி வெகுகாலம் குழந்தையில்லாமல் இருந்து, கடைசியில் ஓர் அடைமழை மாதத்தில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தை நனைக்கிற வேகத்துக்குச் சிலம்பாயியால் துவைத்துவிட முடிந்தது. உலர்த்தத்தான் முடியவில்லை. பாறை குளிர்ந்து கிடந்தது. தரையெல்லாம் சேறு. அடுப்பில் காட்டலாம் என்றால் ஈர விறகு புகைந்து தள்ளியது. காரைப் புதர்மேல் போட்டால் முள் கிழித்தது.

"முள்ளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கக் கூடாதா?" என்று புதரிடம் கெஞ்சினாள்.

"முடிஞ்சா இழுத்துக்க மாட்டேனா தாயி? எனக்கே குத்துது" என்றது புதர்.

ஈரத்துணியிலேயே கிடந்து குழந்தைக்குச் சளி கட்டிவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு கரகரத்தது. பிறகு பால் குடிப்பதையும் நிறுத்திவிட்டது.

ஒரு காலை மழை விட்டுக் காற்று வீசியது. வெயிலைக் காணோம். சிலம்பாயி வாசலில் நின்று, பிழிந்த துணி ஒன்றை இரு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். காற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புகுந்து அதைப் படபடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் துணி லேசாகிவருவது கைக்குத் தெரிந்தது.

"ஏங்க, இங்க வாங்க! காயுதுங்க! தரையில படாம காத்துல நின்னா வெயிலே வேணாம் போல."

மருதையன் ஓடிவந்து தொட்டுப் பார்த்தான். "அது சரி புள்ள, எம்புட்டு நேரம் இப்படியே நிப்ப? கை என்னத்துக்கு ஆகும்?"

"கை போனாப் போகுது. மாத்திக் கட்ட ஒரு துணி இல்லையே."

கயிறு திரிக்கும் வித்தை அதுவரை மனிதர் கைக்கு வரவில்லை. மருதையன் நீளமான புற்களை முடிந்து, வாசலில் நின்ற வேம்புக்கும் எதிரே இருந்த புங்கைக்கும் இடையில் கட்டினான். சிலம்பாயி துணிகளைப் போட்டாள். ஈரத்தின் பாரம் தாங்காமல் புல் அறுந்து, அத்தனையும் சேற்றில் விழுந்தன. உள்ளே குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. சிலம்பாயி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வேம்பைச் சுற்றிப் படர்ந்திருந்த சீந்தில் கொடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அழாதே தாயி, என்னை எடுத்துக் கட்டு" என்றது. "நான் சீக்கிரம் அறுந்துபோறவ இல்ல. ஆனா வேர் மண்ணுல இருக்கிற வரைக்கும் புங்கைக்கு எட்ட மாட்டேன். அடியில வெட்டணும்."

சிலம்பாயி பதறினாள். "வெட்டினா செத்துப் போவியே! என் பிள்ளைக்காக உன்னைக் கொல்றதா?"

"இந்த வேம்பு இடம் கொடுக்காட்டி நான் முளையிலேயே மிதிபட்டுச் செத்திருப்பேன். பிடிக்க ஒண்ணுமில்லாம நிக்கிறவ படுற பாடு எனக்குத் தெரியும். பேசிக்கிட்டு நிக்காதே, பிள்ளை மூச்சு இங்க வரைக்கும் கேக்குது."

மருதையன் அரிவாளை எடுத்துவந்தான். எடுத்தவன் கை ஓங்கவில்லை. சிலம்பாயி அதை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு அடித்தண்டில் ஒரே வெட்டாக வெட்டினாள்.

சீந்திலைப் பிரித்தெடுத்து இரு மரத்துக்கும் இடையே இழுத்துக் கட்டினார்கள். ஈரத்துணி விழுந்ததும் நடுவில் தொய்ந்தது. மருதையன் கவட்டைக் கம்பு ஒன்றை முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். காற்று வீசியது. பொழுது சாய்வதற்குள், பிறந்ததிலிருந்து முதன்முறையாகக் குழந்தை காய்ந்த துணியில் படுத்தது. அடுத்து வந்த நாட்களில் சளி கரைந்தது. குழந்தையின் வாய் மறுபடி பாலைத் தேடியது.

சீந்திலின் இலைகளோ பழுத்து ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. துணி போட வரும்போதெல்லாம் சிலம்பாயி அதைத் தடவிக் கொடுப்பாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். பாப்பா இன்னிக்குச் சிரிச்சாளா?"

சிலம்பாயி உள்ளே ஓடுவாள். குழந்தையைத் தூக்கிவந்து காட்டுவாள். சொட்டுகிற நீராவது சீந்திலை நனைக்கட்டும் என்று, துணிகளை அரைகுறையாகப் பிழிந்து போடத் தொடங்கினாள்.

ஒருநாள் தண்டிலிருந்து நூல்போல ஏதோ தொங்கியது. துணியில் பிரிந்த இழை என்று நினைத்துப் பிய்க்கப் போனாள்.

"அதை விட்டுடு தாயி" என்றது சீந்தில், மெல்லிய குரலில். "அது என் வேர். மண்ணைத் தேடிப் போகுது."

சிலம்பாயி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஆடும் கோழியும் அண்டாமல் அந்த இடத்தைச் சுற்றி மருதையன் படல் கட்டினான். காற்றில் ஆடி ஆடி, அந்த வேர் இறங்கிக்கொண்டே வந்தது. அது ஈரமண்ணைத் தொட்ட சில நாட்களில் சீந்திலின் கணுவில் ஒரு தளிர் விரிந்தது. சிலம்பாயி வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தாள், கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல்.

செய்தி பரவி, ஊரார் அரிவாளோடு சீந்தில் தேடிக் கிளம்பினார்கள். சிலம்பாயி குறுக்கே நின்றாள். "அது தானா கொடுத்தது. நீங்க பறிக்காதீங்க." பிறகு அவளும் மருதையனும் கற்றாழை நாரைச் சீந்தில் தண்டுபோலவே முறுக்கப் பழகி, வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். நார்தான் என்றாலும், சீந்திலை நினைத்து அவள் அதைக் கொடி என்றே சொன்னாள்.

துணி காயும் கயிற்றுக்குக் கொடி என்ற பேர் வந்தது அப்படித்தான். அடியோடு வெட்டினாலும் சீந்தில் சாகாமல், அந்தரத்திலிருந்து நூலாய் வேர்விட்டு மண்ணுக்கு இறங்குவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.