புலிக்கு இரண்டு பக்கம்

முள்ளிக்காட்டில் புலி எண்ணும் காலம் வந்தாலே தற்காலிகக் காவலன் மாதனுக்குச் சோறு இறங்காது. இந்த முறை, பாதையின் இருபுறமும் எதிரெதிராகக் கட்டிய கேமராக்களில், ஒன்றில் புலியின் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் விழுந்திருந்தன.

"கோடு வேற வேறயா இருக்கு பாரு. ரெண்டு புலின்னு பெரிய ஐயாகிட்ட சொல்லு. மாத்திச் சொன்னே, நாளையிலேருந்து உனக்கு வேலை இல்ல" என்றார் ரேஞ்சர் தில்லைநாதன். புலி கூடினால் அவருக்கு விருது.

எந்தப் புலிக்கும் இரண்டு பக்கக் கோடும் ஒன்றுபோல இருக்காது. ஆனால் அதைச் சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது.

மேலதிகாரி வந்தார். "எத்தனை புலிப்பா?"

மாதன் அதே கேமராக்களில் விழுந்த வேறு இரண்டு படங்களை நீட்டினான்.

"புலி ரெண்டுங்க ஐயா. நம்ம ரேஞ்சரும் ரெண்டு பேருங்க. ஒருத்தருக்குக் கன்னத்துல மச்சம் இருக்குது, இன்னொருத்தருக்கு இல்லீங்க."

"முட்டாள்! ரெண்டும் நான்தான்டா! மச்சம் இடது கன்னத்துல மட்டும்தான்!" என்று கத்தினார் ரேஞ்சர்.

மேலதிகாரி மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

"புலியைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுமுங்க ஐயா" என்றான் மாதன்.