சிரிப்புப் பொடி போட்ட கஞ்சி

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கும் கால் வலிச்ச காலத்திலே, அல்லிநாடுன்னு ஒரு தேசம். உம் கொட்டுங்க, ஆனா தூங்கிடாதீங்க. எனக்கே இன்னிக்கு அலுப்பா இருக்கு.

பெத்தவங்க இல்லாத பிள்ளைகளுக்கும், இருந்தும் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கும் ராஜா ஒரு பெரிய வீடு கட்டினாரு. வீடு கொள்ளாத பிள்ளைங்க. பார்த்துக்கக் காத்தாயின்னு ஒரே ஒருத்தியைத்தான் வச்சாரு, மகராசன்! பொழுது சாஞ்சா போதும், பிள்ளைங்க அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, எங்கம்மா எப்ப வருவாங்க?"ன்னு அழும். அவளும் பாவம், "அழாத கண்ணு, நாளைக்கு வருவாங்க"ம்பா. நாளை வரும், அம்மா வரமாட்டா. அழுகை இன்னும் கூடும்.

ஓஞ்சுபோனா காத்தாயி. ஒருநாள் வாசல்ல ஒரு மந்திரவாதி. "இந்தச் சிரிப்புப் பொடியைக் கஞ்சியிலே கலந்து குடு. ஒரு பிள்ளையும் அழாது"ன்னான். கலந்தா. அடேயப்பா! விழுந்தாலும் சிரிப்பு, பசிச்சாலும் சிரிப்பு, அம்மாவை நினைச்சாலும் சிரிப்பு. தங்களோட பிறந்தநாளுக்குப் பாயசம் கொண்டுவர்ற பெரிய மனுசங்க, பிள்ளைங்களை வரிசையா நிக்கவச்சு வாழ்த்துப் பாடச்சொல்லிட்டு, "எவ்வளவு சந்தோசமா இருக்குதுங்க!"ன்னு மெச்சிட்டுப் போனாங்க.

ஒரு காலையிலே செவந்திங்கிற சின்னப்பொண்ணு சிரிச்சுக்கிட்டே சுருண்டு விழுந்தா. உடம்பெல்லாம் வேர்வை. வைத்தியர் ஓடிவந்தாரு.

"எங்கேம்மா வலிக்குது?" சிரிச்சா.

"தேள் கொட்டுச்சா?" சிரிச்சா.

"பாம்பு கடிச்சுதா?" அதுக்கும் சிரிச்சா.

"எதுன்னு தெரியாம என்ன மருந்து குடுப்பேன்? உச்சிப்பொழுதுக்குள்ள வாயத் திறக்கலைன்னா பிள்ளை தங்காது"ன்னுட்டாரு வைத்தியர்.

காத்தாயி தலைதெறிக்க ஓடி, மந்திரவாதி காலைப் பிடிச்சா. "மாத்து மருந்து குடு சாமி!"

"பொடிக்கு மாத்து இல்லை தாயி. நீ மறைச்ச நிசத்தைப் பிள்ளைகிட்டச் சொல்லு. அது அழுதா, அடக்காம கூட இரு. முடியுமா?"

திரும்பிவந்து செவந்தியை மடியிலே போட்டுக்கிட்டா. பெத்த மனசு இல்லைன்னாலும் வளர்த்த மனசு இல்லையா!

"கண்ணு, உங்கம்மா நாளைக்கு வரமாட்டாங்க. எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. அக்கா பொய் சொல்லிட்டேன். நீ அழுடி தங்கம், நான் எங்கேயும் போகலை."

சிரிச்ச வாய் கோணுச்சு. "அம்மா!"ன்னு வீறிட்டா செவந்தி. "கால் எரியுதுக்கா! தேளு!"

வைத்தியர் சட்டுன்னு பச்சிலை கட்டினாரு, பிள்ளை பிழைச்சா. அவ அழுததும் வீடே அழுதுச்சு. காத்தாயி ஒரு பிள்ளையையும் அடக்கலை. சத்தம் கேட்டு ராஜாவே வந்துட்டாரு.

"ஏன் இப்படி அழுவுதுங்க?"

"ஒருத்தி இடுப்பிலே எத்தனை பிள்ளை உக்காரும், நீங்களே சொல்லுங்க மகாராஜா!"

ராஜா தலையைக் குனிஞ்சாரு. அன்னிக்கே பாசமான ஆளுங்களாப் பார்த்து அனுப்பினாரு. ரொம்ப நாளைக்கப்புறம் காத்தாயி நல்லாத் தூங்கினா.

விடிஞ்சதும் செவந்தி மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கிட்டு வந்தா. "நீ பொய் சொன்னேல்ல? உன்கூடக் காய். போ!"

சொல்லிட்டுக் காத்தாயி மடியிலேயே ஏறி உக்காந்துக்கிட்டா.