சின்னப்பேச்சி எழுதிக் கொடுத்த இலை

அல்லிக்குளத்தின் மேற்குக் கரையில் ஒரு பழைய கறையான் புற்று இருந்தது. கறையான்கள் அதை எப்போதோ காலி செய்துவிட்டுப் போய்விட்டன. அதில் கொம்பையன் என்கிற உடும்பு தனியாகக் குடியிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்புவரை அவனுடைய அம்மாவும் அங்கேதான் இருந்தாள். அப்போது ஒரு சித்திரை மாதம், சின்னப்பேச்சி என்ற பெண்மயிலின் கூட்டிலிருந்து ஐந்து முட்டைகள் காணாமல் போயின. கூட்டுக்குப் பக்கத்தில் உடும்பைப் பார்த்ததாக மயில் சொன்னாள். காட்டுச் சபை கூடியது. உடும்பு முட்டை தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் கொம்பையனின் அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஓடையைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் போனாள். மகன் அன்று இரை தேடி வெகுதூரம் போயிருந்தான். திரும்பி வந்தபோது புற்று காலியாக இருந்தது. அவள் எந்தப் பக்கம் போனாள் என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை.

அவனை யாரும் விரட்டவில்லை. அவனோடு பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அவன் தண்ணீர் குடிக்க வந்தால் மான்கள் எழுந்து தள்ளிப் போகும். முயல்கள் குட்டிகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும். அதனால் எல்லோரும் நிழலில் படுத்திருக்கும் உச்சி வெயிலில் மட்டும் அவன் குளத்துக்குப் போகப் பழகிக்கொண்டான்.

அந்தக் காட்டுக்கு இரண்டு நாள் நடை தூரத்தில், நாவல்மேட்டில் ஒரு சட்டப்பள்ளி இருந்தது. சபையில் வழக்கு வந்தால் அவரவருக்காக எழுந்து பேசுகிறவர்கள் அங்கே படித்து வந்தவர்கள்தான். அம்மாவுக்காகப் பேச அவர்களில் ஒருவரும் அன்று எழவில்லை. அதை நினைத்து நினைத்துக் கொம்பையனுக்கு ஓர் எண்ணம் வந்தது. நாமே படித்தால் என்ன? யாருக்கும் வேண்டாதவர்கள் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் போய் நிற்க ஒருவனாவது இருப்பானே.

நுழைவுத் தேர்வுக்குப் படிக்க அவனுக்குத் துணை இல்லை. ஒரு வழக்கைத் தானே உண்டாக்குவான். புற்றுக்கு இடப்பக்கம் நின்று வாதியாகப் பேசுவான். பிறகு வலப்பக்கம் ஓடிப் போய்ப் பிரதிவாதியாகப் பதில் சொல்லுவான். நடுவில் வந்து உட்கார்ந்து தீர்ப்பும் சொல்லுவான். ஒரு வருஷம் இப்படியே கழிந்தது. சில நாட்களில் அவன் குரல் அவனுக்கே அலுத்துப் போகும்.

தேர்வில் அவன் தேறிவிட்டான். நாவல்மேட்டிலிருந்து கொண்டலாத்திப் பறவை ஒன்று சேதி கொண்டுவந்தது. தேறியவர்கள் இன்னும் இரண்டு இலைகள் கொண்டுவர வேண்டுமாம். ஓர் இலையில், ஏன் சட்டம் படிக்க விரும்புகிறாய் என்று தன் கையாலேயே எழுத வேண்டும். இன்னோர் இலை சான்றுக் கடிதம். விண்ணப்பிக்கிறவனை மூன்று வருஷமாவது அறிந்த ஒருவர் அதை எழுத வேண்டும். அவர் சொந்தமாகவோ, ஒரே இனமாகவோ இருக்கக் கூடாது. வைகாசிப் பௌர்ணமிதான் கடைசி நாள்.

சேதியைச் சொல்லிவிட்டுக் கொண்டலாத்தி பறந்துபோனது. கொம்பையன் அதே இடத்தில் நின்றான். தேர்வுக்குப் பயந்த அளவுகூட அவன் இதற்குப் பயந்திருக்கவில்லை. இப்படி ஒன்று இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

முதலில் முயல்களிடம் போனான். அவன் வாய் திறப்பதற்குள் வளைகள் காலியாகிவிட்டன. பிறகு குளத்து ஆமையிடம் போனான். ஆமை நன்றாகத்தான் பேசியது. படிப்பைப் பற்றி விசாரித்தது. ஆனால் இலையை நீட்டியதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "நீ நல்லவனாகவே இருக்கலாம். நான் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு என்னையும் ஒதுக்கிவிடுவார்கள்" என்றது ஓட்டுக்குள் இருந்தபடி.

அவன் புற்றுக்கு இருபது அடி தள்ளி ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அது கோபிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்கே ஓர் உடும்பு இருப்பதே தனக்கு இப்போதுதான் தெரியும் என்றது. மற்றவர்கள் மறுத்ததைவிட இது அவனுக்கு அதிகம் வலித்தது.

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருந்தது. அப்போதுதான் சொக்கு என்ற மரநாய் அவனைத் தேடி வந்தது. அத்திமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, சட்டப்பள்ளிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதுதான் சொக்குவின் தொழில். ஒரு தேனடை கொண்டுவந்தால் போதும், இரண்டு இலையும் தயார் என்றது.

கொம்பையன் பாறை ஏறித் தேனடை எடுத்து வந்தான். மறுநாள் மரநாய் இரண்டு இலைகளைக் கொடுத்தது. முதல் இலையில் அவன் அம்மா மயிலின் முட்டைகளைக் காப்பாற்ற மலைப்பாம்போடு கட்டிப் புரண்டு போராடினாள் என்று எழுதியிருந்தது. அதை ஏழு பேர் கண்ணால் பார்த்தார்களாம். இரண்டாவது இலை, பக்கத்துக் காட்டு மணிப்புறா ஒன்று எழுதிய சான்று. கொம்பையனைச் சின்ன வயதிலிருந்தே தனக்குத் தெரியும் என்றும், அவனைப் போல அன்பானவனைத் தான் கண்டதில்லை என்றும் புறா எழுதியிருந்தது.

"இப்படி ஒரு புறா இருக்கிறதா?" என்று கேட்டான் கொம்பையன்.

"இல்லாத புறாவை யார் போய் விசாரிக்க முடியும்?" என்றது மரநாய்.

கொம்பையன் இலைகளைப் புற்றுக்கு எடுத்துவந்து படித்தான். மறுபடியும் படித்தான். பொய்தான் என்று தெரிந்தாலும், அந்தப் புறாவின் வார்த்தைகள் அவனுக்கு இதமாக இருந்தன. மூன்று வருஷத்தில் அவனைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அந்தப் புறா எப்படி இருக்கும், எந்த மரத்தில் உட்காரும், இந்த வழியாக வந்தால் தன்னோடு என்ன பேசும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வெகுநேரம் படுத்திருந்தான்.

பிறகு முதல் இலையை எடுத்தான். மலைப்பாம்போடு புரண்டு சண்டை போட்ட அந்த உடும்பை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் அம்மாவுக்குக் காலையில் உடம்பு சூடேறவே நேரம் பிடிக்கும். பாறையில் படுத்துக்கொண்டு, வெயில் இன்னும் வரவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அந்த அம்மா இந்த இலையில் எங்குமே இல்லை. ஏழு பேர் பார்த்திருந்தால் அவள் ஏன் போக வேண்டியிருந்தது? யாரும் பார்க்காததைச் சொல்லித்தானே சபையும் அவளை அனுப்பியது?

அவன் இரண்டு இலைகளையும் கொண்டுபோய்க் குளத்தில் போட்டான். அவை உடனே மூழ்கவில்லை. கொஞ்ச நேரம் மிதந்தன. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

அடுத்த நாள் ஒரு தேக்கிலையை எடுத்து, நகத்தால் தானே எழுதத் தொடங்கினான். 'என் அம்மா அந்த முட்டைகளைத் தின்னவில்லை' என்பதுதான் முதல் வரி. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று தான் அங்கே இல்லையே என்று நினைத்தான். அந்த இலையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறோர் இலையை எடுத்தான். 'என் அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை' என்று எழுதினான். அதன்பிறகு மீதி தானாகவே வந்தது.

இனிச் சான்றுக் கடிதம் ஒன்றுதான். தன்னை மூன்று வருஷமாக அறிந்தவர் யார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். எத்தனை முறை நினைத்தாலும் ஒரே ஒரு முகம்தான் வந்தது.

கிழக்குக் கரைப் புதரில் சின்னப்பேச்சி தன் நான்கு குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தாள். உடும்பைக் கண்டதும் குஞ்சுகளைப் பின்னால் தள்ளிவிட்டுக் கழுத்தை நிமிர்த்தினாள். அங்கேயே நில் என்றாள். கொம்பையன் நின்றான். வந்த காரியத்தை அங்கிருந்தபடியே சொன்னான்.

மயில் குஞ்சுகளைப் புதருக்குள் அனுப்பினாள்.

"உன் அம்மாவைக் காட்டைவிட்டுப் போக வைத்தவள் நான்" என்றாள் பிறகு.

"தெரியும், பேச்சியம்மா."

"தெரிந்துமா என்னிடம் வந்தாய்?"

"மற்றவர்கள் என்னைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் ஒருவர்தான் நான் வரும்போதும் போகும்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்."

மயில் இலையைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போகச் சொன்னாள். அவன் போனதும் வந்து எடுத்துக்கொண்டாள். அலகால் கீறிக் கீறி நிறைய எழுதினாள். பிறகு இலையை மடித்து, ஒரு முள்ளால் குத்தி மூடினாள். பிரித்துப் பார்க்கக் கூடாது என்றாள். நல்லதாக எழுதியிருப்பேன் என்று நம்பிக்கொண்டு போகாதே என்றும் சொன்னாள்.

நாவல்மேட்டுக்குப் போகும் வழியில் அந்த முள்ளை உருவிவிடலாமா என்று அவனுக்குப் பல முறை தோன்றியது. உள்ளே மோசமாக இருந்தால் அங்கே போய் அவமானப்படாமல் திரும்பிவிடலாமே? ஆனால் திரும்பி எங்கே போவது? அவன் முள்ளைத் தொடாமல் நடந்தான்.

பள்ளியின் தலைவி ஒரு வயதான காட்டெருமை. குமாஸ்தா ஓர் அணில். அவன் போய்ச் சேர்ந்த அன்று காலை அணில் இலைகளை அடுக்கிக்கொண்டே வந்து சட்டென்று நின்றது. கீரி, மந்தி, காட்டுக்கோழி, இன்னும் இரண்டு பேர் கொடுத்த சான்றுகளைத் தனியே எடுத்துவைத்தது. "அம்மா, இந்த வருஷம் ஒரே மணிப்புறா ஐந்து பேரைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறது" என்றது. காட்டெருமை ஐந்தையும் வாங்கிப் பார்த்தார். ஐந்து பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர்கள் தலை குனிந்து போவதைக் கொம்பையன் பார்த்தான். அவர்களோடு நடந்திருக்க வேண்டிய ஆறாவது ஆள் தான்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

அடுத்து அவன் முறை. காட்டெருமை அவன் எழுதியதை நிதானமாகப் படித்தார்.

"உன் இனம் முட்டை தின்னும் இனம்தானே?"

"ஆமாம். நானும் தின்றிருக்கிறேன்."

"உன் அம்மா அந்த மயிலின் முட்டைகளைத் தின்றாளா?"

இல்லை என்று சொல்ல அவன் நாக்கு துடித்தது.

"எனக்குத் தெரியாது" என்றான். "நான் அங்கே இல்லை. அவளிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்."

காட்டெருமை தலையை அசைத்தார். பிறகு முள்ளை எடுத்துவிட்டுச் சான்றுக் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார்.

'இந்த உடும்பை எனக்குப் பிடிக்காது. இவனைக் கண்டால் இன்றைக்கும் என் குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன். இவன் என்றைக்கு மாட்டுவான் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்து பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் நான் முட்டையிட்ட நாள்முதல் குஞ்சுகள் பறக்கும்வரை, இவன் என் புதர்ப் பக்கமே வருவதில்லை. நான் இரை தேடிப் போகும் நேரமும் இவனுக்குத் தெரியும். இன்று இந்த இலைக்காக வந்ததைத் தவிர, ஒருநாள்கூட வந்ததில்லை. வராதே என்று நான் சொன்னதில்லை. இன்னொன்றும் எழுத வேண்டும். இவன் அம்மா முட்டையைத் தின்றதை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றதைத்தான் பார்த்தேன். சபையில் என்னிடம் அதைப் பிரித்துக் கேட்க யாரும் இல்லை. கேட்கவில்லை என்பதற்காக நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். இவன் படித்தால் கேட்பான் என்று நினைக்கிறேன். சின்னப்பேச்சி.'

அணில் எழுதுவதை நிறுத்தியிருந்தது. கொம்பையன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லி அனுப்புகிறோம், போய் வா என்றார் காட்டெருமை.

ஆனி மாதம் கொண்டலாத்தி மறுபடியும் வந்தது. அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆடி பிறந்ததும் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த காட்டுக்குச் சேதி சொல்லப் பறந்தது. கொம்பையன் புற்றின் மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தான். மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆமை வெயில் காய்ந்தது. இவ்வளவு பெரிய சேதியை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கீழே இறங்கி, நடந்து, மயிலின் புதருக்குக் கொஞ்ச தூரத்தில் போய் நின்றான்.

"கிடைத்துவிட்டது" என்றான்.

சின்னப்பேச்சி மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை, வருந்தியதாகவும் தெரியவில்லை. நாளைக்குச் சபையைக் கூட்டச் சொல்லியிருப்பதாகவும், அவன் அம்மா விஷயத்தில் தான் பார்த்தது எது, பார்க்காதது எது என்று அங்கே சொல்லப்போவதாகவும் சொன்னாள். அவள் எங்கே இருக்கிறாளோ, அது அவள் காதுக்கு எட்டுமோ எட்டாதோ என்றாள்.

அவன் திரும்பும்போது மயில் கூப்பிட்டாள்.

"உன் பெயர் தெரியாமலே அந்த இலையை எழுதிவிட்டேன். உன் பெயர் என்ன?"

அவன் சொன்னான். சொல்லும்போது அது யாரோ ஒருவருடைய பெயரைப் போல இருந்தது. மயில் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆடி முதல் நாள் அவன் தனியாகத்தான் நாவல்மேட்டுக்கு நடந்து போனான்.

நம்மைப் புகழ்ந்து பேச ஆயிரம் பொய் கிடைத்தாலும், நம்மைப் பிடிக்காதவரும் மறுக்க முடியாத உண்மை ஒன்றுதான் நமக்குக் கடைசிவரை துணை நிற்கும்.