அங்காடியில் கிடந்த பிணம்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் காரிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் நடத்திப் பார்க்கிற ராஜா. மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே வயிறெரியும் சபையோரில் ஒருவரான தாண்டவராயர் ஒருநாள் ராஜாவின் காதில் ஓதினார்.

"மகாராஜா, அதிகம் விற்கிற கடைக்கு அரண்மனை விருது, குறைவாக விற்பவன் ஊரைவிட்டே வெளியே என்று பறையறையுங்கள். அங்காடி எப்படிச் செழிக்கிறது பாருங்கள்!"

"வேண்டாம் அரசே" என்றார் மந்திரி. ராஜா கேட்கவில்லை.

சில மாதம் போயிற்று. "உச்சிவேளையில் மாறுவேடத்தில் அங்காடிக்கு ஒருநடை போய்ப் பாருங்கள்" என்று சொன்ன மந்திரி மறுநாள் சபைக்கே வரவில்லை.

"பயந்து ஓடிவிட்டார்" என்று சிரித்தார் தாண்டவராயர். ராஜாவும் அவரும் வழிப்போக்கர் வேடத்தில் கிளம்பினார்கள்.

அங்காடியில் ஜனம் நெரிந்தது, பேச்சு மூச்சில்லை. ஒருவர் சரக்கை மற்றவர் பார்க்காதபடி கடைக்கும் கடைக்கும் நடுவே கறுப்புத் துணி தொங்கியது. விற்பவர்கள் இமைக்காமல் அடுத்த கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவீதியில் முகம் மூடி ஓர் உருவம் கிடந்தது. பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. ஜனம் அதைத் தாண்டித் தாண்டிப் போனது.

"யாரம்மா அது?" என்றான் ராஜா, பூக்காரி குயிலாளிடம்.

"காலையிலேருந்து கிடக்குதுங்க. நான் எழுந்து போனா என் கிராக்கியெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போயிடும். நான் எப்போ எழுந்திருப்பேன்னுதான் அந்தக் கடைக்காரரும் பார்த்துக்கிட்டிருக்கார்."

"தண்ணீராவது..."

"போன வாரம் உப்புக்கடைக்காரரும் இப்படித்தான் கிடந்தார். தண்ணி தண்ணின்னார். அப்புறம் கேக்கல." அவள் குரல் பிசிறவே இல்லை. "மாலை வேணுங்களா? பிணத்துக்கும் இருக்கு."

ராஜா துணியை விலக்கினான். மந்திரியின் முகம்! அது கண் திறந்தது. ராஜா அலறிவிட்டான்.

"அரசே, விடிந்ததிலிருந்து செத்துக் கிடக்கிறேன். அழ ஒருத்தர் வரவில்லை. மாலைக்குத்தான் விலை பேசுகிறார்கள்."

ராஜா தலைகுனிந்தான். "உப்புக்கடைக்காரரைக் கொன்றது நான்தான். போட்டியையே ஒழித்துவிடுகிறேன்."

"போட்டி இருக்கட்டும். ஆற்றுக்கு அக்கரை அங்காடிக்கும் இதற்கும் வையுங்கள். விருது கடைக்கல்ல, அங்காடி முழுமைக்கும். யாரையும் விரட்ட வேண்டாம். பக்கத்துக்காரன் விழுந்தால் தனக்கும் நஷ்டம் என்று அப்போது தெரியும்."

புதுப் போட்டியை அறிவித்து அங்கேயே பறை முழங்கியது. ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டுவிட்டுத் திரும்பினான்.

"தாண்டவராயரே, அந்த இடத்தில் நீர் படுத்துக்கொள்ளும். யாராவது வந்து எழுப்பும்வரை எழக்கூடாது."

வெயில் கொளுத்தியது. ஒருவரும் அசையவில்லை. "தாயே, தண்ணி..." என்று முனகினார் தாண்டவராயர்.

குயிலாள் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"சொம்பை நீ எடு. நான் தலையைத் தூக்கிப் பிடிக்கிறேன்" என்றார் அவர். இருவரும் சேர்ந்தாற்போல் எழுந்தார்கள்.